முள்ளிவாய்க்கால் கஞ்சி முதல் செம்மணி வரை: வாசகர் கேள்வி பதில்

2009-ல் ஈழப்போர் முடிந்த மே 18 நெருங்குகிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஈழப்போரில் இறந்த பொதுமக்களைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மே 18 அன்று எங்கள் தெருவில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப் போகிறோம். 200 பேருக்கு எவ்வளவு அரிசி வேண்டும்? தேங்காய்ப்பால் சேர்க்கலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

ஐந்து கிலோ போதும். படிக்கணக்கில் மூன்று படிக்குச் சற்றுக் கூட. ஆளுக்கு ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி என்றால் மொத்தம் 50 லிட்டர் கஞ்சி. அண்டாவில் 50 லிட்டர் தண்ணீரை முதலில் கொதிக்க விடுங்கள். கழுவிய அரிசியை அப்புறம் போடுங்கள். பச்சைத் தண்ணீரிலேயே அரிசியைக் கொட்டி அடுப்பேற்றினால் அது அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும். அடிப்பிடித்த வாடை அண்டா முழுக்க ஏறிவிடும். குருணை என்றால் அரை மணி நேரம், முழு அரிசி என்றால் முக்கால் மணிக்கு மேல் ஆகும். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் பத்து லிட்டர் வெந்நீர் தயாராக இருக்கட்டும். கஞ்சி ஆற ஆற இறுகும். அப்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சோறு வேறு, தண்ணீர் வேறு என்று பிரிந்துவிடும். உப்பு கால் கிலோ, கடைசியில்தான். முதலில் 200 கிராம் போட்டுக் கலக்கி, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள்.

போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய சனம் இந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் உயிர் பிழைத்தது. தேங்காய்ப்பால் கிடைத்தவர்கள் சேர்த்தார்கள், பலருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் போதும். நம் பக்கத்தில் கஞ்சி என்றால் துவையல் அரைக்காமல் கை நிற்காது. அன்று ஒரு நாள் நிற்கட்டும். சிரட்டையில் கொடுப்பதானால் (நாம் கொட்டாங்குச்சி என்போம், ஈழத்தில் சிரட்டை) முதல் நாளே நாரைச் சுரண்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். இல்லாவிட்டால் கஞ்சியில் தும்பு மிதக்கும்.

கஞ்சி ஏன் என்பதையும் எழுதி வையுங்கள். 2009 தொடக்கத்தில், போர் நடந்த வன்னிப் பகுதியில் ஏறத்தாழ 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது கொழும்பு அரசு. அங்கேயே இருந்த உதவி அரசாங்க அதிபர்கள் கொடுத்த கணக்கு 3,30,000. உணவும் மருந்தும் சின்னக் கணக்குக்குத் தக்கபடிதான் போயின. முடிவில் உயிரோடு வெளியே வந்தவர்கள் மட்டுமே 2,80,000-க்கு மேல். இந்த மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதி அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தால், ‘ஏன் இவ்வளவு தண்ணியா இருக்கு?’ என்று கேட்பவருக்கு அதுவே பதில். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தில் இதே கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். காரைக்குடியில் அந்தத் தொல்லை இல்லை.

பேனரில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று போடுவது? ஒருவர் 40,000 என்கிறார், இன்னொருவர் ஒன்றரை லட்சம் என்கிறார்.
– வாசகர், புதுவயல்

மூன்று எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன, குழப்பமே அங்குதான்.

ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த, மர்சுகி தருஸ்மன் தலைமையிலான வல்லுநர் குழு 2011 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும், அதை மறுத்துவிட முடியாது என்பது அதன் கூற்று. ‘40,000 பேர் இறந்தனர்’ என்று அந்தக் குழு எழுதவில்லை. அடுத்து, 2012 நவம்பரில் வந்த சார்லஸ் பெட்ரி அறிக்கை. இது ஐ.நா. தன் சொந்தத் தவறுகளைத் தானே ஆராய்ந்தது. 70,000-க்கு மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்பதற்கு நம்பத்தக்க தகவல் உண்டு என்கிறது. மூன்றாவது, மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த எண். 2008 அக்டோபரில் கச்சேரி (இலங்கையில் மாவட்ட அரசு அலுவலகம்) பதிவின்படி வன்னி மக்கள்தொகை 4,29,059. போர் முடிந்து அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380. கழித்தால் 1,46,679. ஆயர் கேட்டது, ‘இவர்களுக்கு என்ன ஆயிற்று?’ என்ற கேள்வியைத்தான்.

ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர் இது. வரவில் இருந்து செலவில் இல்லாத தொகையை நேரே நட்டம் என்று எழுதிவிடமாட்டோம். கணக்கில் வராதது என்று தனியே நிறுத்துவோம். பேனரிலும் அப்படியே செய்யுங்கள்: ‘1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று?’ என்று கேள்வியாகப் போட்டு, கீழே சிறிய எழுத்தில் அந்தக் கழித்தலையும் போடுங்கள். ஒன்றரை லட்சம் என்று உருட்டினால் 3,321 பேரை நீங்களாகக் கூட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுக்க நினைப்பவர் பிடித்துக்கொள்ள அந்த ஒரு ஓட்டை போதும்.

இங்குள்ள ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களின் சாட்சியங்களைப் பதிவு செய்ய நாங்கள் ஆறு மாணவர்கள் நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

முகாமுக்குள் வெளியாட்கள் போக வருவாய்த்துறை அனுமதி வேண்டும். அதைவிட, பேச விரும்புகிறவர் சொல்லும் இடத்துக்கு நீங்கள் போவது நல்லது. ஆறு பேரும் ஒன்றாகப் போக வேண்டாம். கேட்பவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், அவ்வளவுதான். முதல் சந்திப்பில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள், பெயர் வருமா என்பதை அன்றைக்குச் சொல்லுங்கள். யோசித்துவிட்டு அவர் ‘வேண்டாம்’ என்றால் விட்டுவிடுங்கள். அவருடைய அண்ணனோ தங்கையோ இன்றும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருக்கலாம். நீங்கள் யூடியூபில் போடும் முகம் அங்கேயும் தெரியும்.

கேள்வியில் பதிலை வைத்துக் கேட்காதீர்கள். ‘ஆமி ஆஸ்பத்திரிக்கு ஷெல் அடித்ததா?’ என்று கேட்டால் வருகிற ‘ஓம்’ (ஈழத்தில் ஆமாம் என்பதற்கு) எங்கும் செல்லாது. ‘அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்? என்ன சத்தம் கேட்டது? எந்தப் பக்கமிருந்து?’ என்று கேளுங்கள். தான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதை ஒவ்வொரு வரியிலும் பிரித்து எழுதுங்கள்.

பெரும்பாலான பதிவுகள் கெட்டுப்போவது தேதியில். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தேதி நழுவும், இடம் நழுவாது. ஆகவே நாளைக் கேட்காமல் இடம்பெயர்ந்த வழியைக் கேளுங்கள். விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று பலரும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் நகர்ந்தார்கள். எங்கெங்கே தறப்பாள் (தார்ப்பாய்க் கூடாரம்) போட்டார்கள், எத்தனை இரவு தங்கினார்கள் என்று கேட்டு ஒரு கோடு போடுங்கள். பிறகு தேதி உறுதியாகத் தெரிந்த நிகழ்வுகளை அந்தக் கோட்டில் பொருத்துங்கள். 2009 பிப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை தாக்கப்பட்டது. பிப்ரவரி 12-ல் மாத்தளன் பக்கம் இரண்டாவது பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 20-ல் இராணுவம் மாத்தளனில் உடைத்துக்கொண்டு வந்தது. மே 12-ல் முள்ளிவாய்க்கால் மருத்துவமனையில் ஷெல் விழுந்தது. ‘மாத்தளன் உடைபடுறதுக்கு முன்னமோ பின்னமோ?’ என்ற ஒரு கேள்வி, ‘எந்த மாதம்?’ என்ற பத்துக் கேள்விகளுக்குச் சமம்.

அவர் சொன்ன சொல்லைத் திருத்தாதீர்கள். கிபிர், பல்குழல், கொத்துக்குண்டு, பங்கர் என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். கிபிர் என்பது விமானத்தின் பெயர், பல்குழல் என்பது தரையிலிருந்து ஏவுவது. நீங்கள் இரண்டையும் ‘குண்டுவீச்சு’ என்று மாற்றி எழுதினால் சுட்டது யார் என்ற தடயமே போய்விடும்.

மூலக்கோப்பைத் தொடாதீர்கள். வெட்டுவது, சத்தம் கூட்டுவது எல்லாம் நகலில்தான். பதிவு முடிந்த அன்றே மூலக்கோப்புக்கு எஸ்.எச்.ஏ.-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) கணினியில் கணக்கிட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பின்னாளில் கோப்பில் ஒரு நொடி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பழைய படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, எடுத்த நாளையும் நேரத்தையும் அழித்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட, டிஜிட்டல் ஆதாரங்களைத் திரட்டுவது பற்றிய பெர்க்லி நெறிமுறையை ஆறு பேரும் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஈழத்து அக்காவின் மகன் 2009 மே 18 அன்று வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவன். இதுவரை தகவல் இல்லை. இங்கிருந்தபடியே முறையிட முடியுமா?
– வாசகி, தேவகோட்டை

முடியும், பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஜெனீவாவில் ஐ.நா.வின் வலிந்து காணாமலாக்கப்பட்டோருக்கான செயற்குழு 1980 முதல் இயங்குகிறது. குடும்பத்தாரோ, அவர்கள் சம்மதத்துடன் வேறு ஒருவரோ எழுதலாம். இலங்கை நீதிமன்றத்துக்கு முதலில் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தேவையானவை: மகனின் முழுப்பெயர், காணாமல்போன நாள் (மாதமும் ஆண்டுமாவது), இடம், யார் கொண்டுபோனார்கள், குடும்பம் இதுவரை எங்கெல்லாம் தேடியது, எழுதுபவரின் பெயர், குடும்பத்தின் சம்மதம். தமிழில் அனுப்பினால் எடுக்கமாட்டார்கள். தமிழில் எழுதி அக்காவுக்கு வாசித்துக் காட்டிய பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

தவறு நடக்கும் இடம் பெயர். ஈழத்தில் தந்தை பெயரை முன்னால் முழுதாக எழுதுவார்கள். நம் ஊரில் ஒற்றை எழுத்தாக்கிவிடுவோம். இந்திய ஆவணத்தில் ஒரு மாதிரியும் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். அவனுடன் சரணடைந்து பின்பு விடுதலையானவர் யாராவது இருந்தால் அவருடைய வாக்குமூலம் பொன் மாதிரி. ஆனால் அவர் சம்மதிக்காமல் பெயரைச் சேர்க்கக் கூடாது.

இந்தச் செயற்குழு யாரையும் தண்டிக்காது. இலங்கை அரசிடம் பதில் கேட்கும், வெறும் பதில் வந்ததற்காக மட்டும் கோப்பை மூடிவிடாது. கொழும்பில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகம் தனி. அங்கேயும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பல தாய்மார்கள் அதை நம்புவதில்லை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-ல் தொடங்கிய அவர்களுடைய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. மகன் எங்கே என்று தெரியாமலே பலர் இறந்துவிட்டார்கள். இழப்பீடோ இறப்புச் சான்றிதழோ வாங்கச் சொல்லி அக்காவை அவசரப்படுத்தாதீர்கள். இறந்ததாக எழுதாமல் ‘காணப்படாமைச் சான்றிதழ்’ வாங்க அதே 2016-ல் சட்டத் திருத்தம் வந்தது.

எங்கள் வீட்டுப் படைப்பின்போது (முன்னோருக்கான படையல்) அங்கே இறந்தவர்களுக்கும் ஒரு இலை போடலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

அது உங்கள் பங்காளிகள் கூடிப் பேசி முடிக்க வேண்டியது. பத்திரிகை தலையிட முடியாது.

அப்பச்சி கொழும்பு செட்டியார் தெருக் கடையிலிருந்து வந்தவர். பெட்டகத்தில் 1983 ஜூலைக் கலவரம் பற்றிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. லேமினேட் செய்யலாமா?
– வாசகர், கண்டனூர்

கூடவே கூடாது. லேமினேட் செய்யும் சூட்டில் மை பரவும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம்; பத்து வருடத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், தாளை மெல்ல வளைத்துக் கழற்றுங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் அஞ்சல் முத்திரையில் இருக்கும். ஜூலை 24 இரவு தொடங்கிய வன்முறையைப் பற்றி 27-ஆம் தேதி எழுதியதா, ஆகஸ்டில் எழுதியதா என்பது சாட்சியத்தில் பெரிய வித்தியாசம். 600 டி.பி.ஐ.யில் இரண்டு பக்கமும், உறையோடு ஸ்கேன் செய்யுங்கள். மூன்று நகல்: ஒன்று வீட்டில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில். மூலத்தை அமிலமில்லாத தாளில் சுற்றிப் பெட்டகத்திலேயே வைக்கலாம். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து ஓரத்தில் போடுங்கள், தாளில் படக்கூடாது. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

நினைவேந்தலுக்குக் காவல்துறை அனுமதி தேவையா? புலிக்கொடி வைக்கலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

வீட்டுக்குள்ளோ மண்டபத்துக்குள்ளோ மைக் இல்லாமல் நடத்தினால் சிக்கல் இல்லை. தெருவிலோ திடலிலோ என்றால் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே மனுக் கொடுங்கள்: இடம், நேரம், எத்தனை பேர், மைக் உண்டா, பேனரில் என்ன வாசகம், பொறுப்பாளர் யார். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரவேண்டாம். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்; அது இருந்தால்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக முடியும். மே மாதம் அங்கே கோடை விடுமுறை, விடுமுறைக்கால அமர்வு குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான். ஆகவே ஏப்ரல் கடைசியிலேயே மனுவைக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

விடுதலைப் புலிகள் மீதான தடை 2024 மே மாதம் மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கொடி ஏறினால் அன்றைய பேச்சு முழுக்கக் கொடியைப் பற்றியதாகிவிடும், இறந்த சனம் பின்னால் போய்விடும். இறந்த பொதுமக்களுக்காக விளக்கேற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

மன்னாரில் கிடைத்த எலும்புகள் ஐந்நூறு வருடப் பழசு என்றார்களே. செம்மணிப் புதைகுழியும் அப்படி ஆகிவிடாதா?
– ஆசிரியர், குன்றக்குடி

ஒவ்வொரு குழியும் தனி வழக்கு. மன்னாரில் சதொச (அரசு அங்காடி) வளாகத்தில் 2018-ல் 300-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். சில எலும்புகளை அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியதில் 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்ட காலம் என்று 2019 மார்ச்சில் முடிவு வந்தது. குடும்பங்கள் ஏற்கவில்லை. சில மாதிரிகளை வைத்து முழுக் குழிக்கும் வயது சொல்வது சரியா என்பது நியாயமான கேள்விதான்.

யாழ்ப்பாணத்துச் செம்மணியின் கதை வேறு. பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசாமி கொலை வழக்கில் 1998-ல் தண்டனை பெற்ற படைவீரர் சோமரத்ன ராஜபக்ச, அங்கே 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999-ல் தோண்டி எடுத்தது 15 உடல்கள். 2025-ல் செம்மணியை ஒட்டிய அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்காகத் தோண்டும்போது மறுபடி எலும்பு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. கூடவே ஒரு பள்ளிப் பையும் பொம்மையும் கிடைத்தன. ஐந்நூறு வருடத்துக்கு முன் யாரும் புத்தகப் பை மாட்டிக்கொண்டு போகவில்லை.

கார்பன் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பானது. அதற்குப் பின் வாழ்ந்தவர்களின் எலும்பிலும் பல்லிலும் அந்தத் தடம் இருக்கும். ஆகவே மாதிரி சுத்தமாக எடுக்கப்பட்டால் பழையதா அண்மையதா என்று சொல்லிவிடலாம். கெடுவது தோண்டுகிற விதத்தில். ஜே.சி.பி. ஒரு முறை வாளியைப் போட்டால் மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்துவிடும். எந்த எலும்பு எந்த உடலோடு, எந்தப் பொருள் யாருடையது என்பது திரும்பக் கிடைக்காது. கரண்டி, தூரிகை, சல்லடை, ஒவ்வொரு பொருளுக்கும் எண், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து என்றுதான் வேலை நகர வேண்டும். காணாமல்போனவரின் உடைந்து கூடிய எலும்பு, கட்டிய பல், கடைசியாக உடுத்திய உடுப்பு ஆகியவற்றைக் குடும்பங்கள் இப்போதே எழுதி வைக்கட்டும்.

இந்திய அமைதிப்படையும் புலிகளும் செய்தவற்றை விட்டுவிட்டு நினைவேந்தல் நடத்துவது நேர்மையா?
– வாசகர், காரைக்குடி

இல்லை. 1987 அக்டோபர் 21, 22-ல் யாழ்ப்பாண மருத்துவமனையில் அமைதிப்படை நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் அமைதிப்படை பொதுமக்களைக் கொன்றது. 1990 ஆகஸ்ட் 3-ல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். அவர்களும் தமிழ் பேசும் சனம்தான். 2015-ல் வந்த ஐ.நா. விசாரணை அறிக்கையும் சிறுவர்களைப் படையில் சேர்த்தது, தப்பி ஓடியவர்களைத் தடுத்தது ஆகியவற்றைப் புலிகள் கணக்கில் எழுதியிருக்கிறது. பட்டியல் போட்டால் எல்லாவற்றையும் போடுங்கள்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை?
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

அந்த நீதிமன்றத்தை அமைத்த ரோம் ஒப்பந்தத்தில் இலங்கை சேரவில்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பினால் போகலாம். அங்கே வல்லரசுகளுக்கு வீட்டோ (தடுத்துவிடும் அதிகாரம்) இருக்கிறது. உள்நாட்டு நீதி எப்படி என்பதற்கு யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவில் வழக்கு ஒன்று போதும்: 2000 டிசம்பரில் எட்டுப் பேர் கொலை, 2015-ல் ஒரு படைவீரருக்குத் தண்டனை, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பு.

மீதம் இருப்பது மெதுவான வழி. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலின் 46/1 தீர்மானப்படி ஜெனீவாவில் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பிரிவு அமைந்தது. வேறு நாட்டில் வழக்கு வந்தால் அங்கிருந்து ஆதாரம் கொடுக்கலாம். அமெரிக்கா 2020-லும், கனடா 2023-லும், பிரிட்டன் 2025-லும் சில தளபதிகள், தலைவர்கள் மீது தடை விதித்தன. தடை என்பது தீர்ப்பாகாது. அதே கவுன்சிலில் இலங்கை பற்றிய 2012, 2013 தீர்மானங்களுக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்து, 2014, 2021, 2022-ல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. நம் எம்.பி.க்கு மனு எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளைப் போட்டு எழுதுங்கள். ‘தமிழர் நலன் காக்க’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

முகாம் குடும்பங்களிடம் கேட்டு 500 பெயர்கள் சேர்த்திருக்கிறோம். வாசிக்க எவ்வளவு நேரமாகும்?
– வாசகி, காரைக்குடி

பெயர், வயது, ஊர் என்று நிதானமாக வாசித்தால் ஒருவருக்கு ஆறு விநாடி. 500 பேருக்கு 50 நிமிடம். இதே வேகத்தில் 40,000 பேரை வாசித்தால் இரவும் பகலும் நிறுத்தாமல் 66 மணி 40 நிமிடம் ஆகும்.

ஐம்பது பெயருக்கு ஒருமுறை வாசிப்பவரை மாற்றுங்கள். அதற்கு மேல் குரல் ஒரே இழுப்பாகிவிடும். ஊர்வாரியாக அடுக்கினால் ஒரே குடும்பத்துப் பெயர்கள் சேர்ந்து வரும், இரண்டு முறை ஏறிய பெயரும் பிடிபடும். சுதந்திரபுரம், பொக்கணை, இரட்டைவாய்க்கால் போன்ற ஊர்ப்பெயர்களை முதல் நாள் ஒரு ஈழத்தவரை வைத்து ஒத்திகை பாருங்கள். பட்டியலில் பெயர் வைக்கும் முன்பே இறந்த கைக்குழந்தைகள் இருப்பார்கள். அந்த வரியைத் தாண்டிப் போகாமல், தாயின் பெயரைச் சொல்லி, ‘அவருடைய குழந்தை, இருபது நாள்’ என்று எழுதியிருக்கிறபடியே வாசியுங்கள்.